கிளாக்ஸ்விக் 2023: ஃபாரோ லீக்கிலிருந்து ஐரோப்பியக் குழுச் சுற்றுக்கு

2023 ஜூலை 19 அன்று புடாபெஸ்டில், ஐரோப்பியக் கிளப் கால்பந்தின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், ஹங்கேரி சாம்பியன் ஃபெரென்ஸ்வாரோஸ் தன் சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்றது. ஜெயித்தது ஃபாரோ தீவுகளின் கேஐ கிளாக்ஸ்விக், சுருக்கமாக கேஐ. ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு கோல், ஐவரி கோஸ்ட்காரர் லூக் கஸ்ஸி ஒரு கோல். ஃபெரென்ஸ்வாரோஸின் பயிற்சியாளர் ஸ்தனிஸ்லாவ் செர்செசோவுக்கு அந்தத் தோல்வியோடு வேலை போனது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவைக் காலிறுதி வரை கொண்டுபோனவர் அவர். தோற்ற அணியும் லேசுப்பட்டதில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் மொனாக்கோ, ட்ராப்சோன்ஸ்போர், ரெட் ஸ்டார் பெல்கிரேட் மூன்றும் இருந்த யூரோப்பா லீக் (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டி) பிரிவில் முதலிடம் பிடித்த அணி.

கிளாக்ஸ்விக் 5,000 பேர் கொண்ட மீன்பிடித் துறைமுகம். நாடு முழுவதையும் சேர்த்தால் மக்கள்தொகை சுமார் 54,000. ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். இந்த மூன்று தகவல்களையும் வைத்துக்கொண்டு அந்த வாரம் ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் 'அற்புதம்', 'தேவதைக் கதை' என்றுதான். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் காரணம் தேடும் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கோடைக்குப் பின்னால் சொல்லக்கூடிய, சரிபார்க்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடுவதுதான் இந்த ஆய்வு.

லீக் எப்படிப்பட்டது

ஃபாரோ தீவுகள் ஸ்காட்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மூன்றுக்கும் நடுவே வட அட்லாண்டிக்கில் இருக்கும் 18 தீவுகள். டென்மார்க் அரசின் கீழ் சுயாட்சி. லீக் 1942இல் தொடங்கியது, பிரிட்டிஷ் படைகள் தீவுகளில் இருந்த காலம் அது. முதல் சாம்பியன் கேஐதான். 1944இல் போட்டியே நடக்கவில்லை. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பந்து கிடைக்கவில்லை என்பது காரணம். ஒரு நாட்டின் முதல் நிலை லீக் பந்து இல்லாமல் ஒரு வருஷம் நின்றுபோன செய்தியை வேறெங்கும் நான் படித்ததில்லை.

ஃபிஃபாவில் உறுப்பினரானது 1988இல், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவில் 1990இல். அந்த 1990 செப்டம்பர் 12 அன்று தேசிய அணி தன் முதல் அதிகாரபூர்வப் போட்டியில் ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றது. அது நடந்தது ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில். யூஃபா ஏற்கக்கூடிய புல்தரை தீவுகளில் ஒன்றுகூட அப்போது இல்லை. குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு கோல் காத்த யென்ஸ் மார்டின் குனுட்சனைப் பழைய ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இப்போது முதல் பிரிவில் 10 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதையும் மூன்று முறை சந்திக்கிறது, மொத்தம் 27 சுற்று. மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபர் வாக்கில் முடியும். பெயர் விளம்பரதாரரைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, இப்போது ஒரு வங்கியின் பெயரில் பெத்ரி தெயில்தின். பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகள் கீழ்ப் பிரிவுகளில் ஆடுகின்றன. 54,000 பேரில் முதல் பிரிவுக்கே 10 அணி, அதற்குக் கீழே இன்னும் பல பிரிவு என்றால், ஆடும் வயதிலுள்ள ஆண்களில் கணிசமான பங்கு ஏதாவது ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு களத்தில் நிற்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கையில் சின்ன நாடுதான், ஆனால் ஆடும் பழக்கத்தில் அடர்த்தியான நாடு. இந்த அடர்த்தியை ஏனோ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பட்டங்களைப் பொறுத்தவரை தலைநகர் தோர்ஷாவ்னின் எச்பி கிளப்தான் வரலாற்றில் முன்னிலை. கேஐ 1904இல் பிறந்த பழைய கிளப். இருந்தும் 1999இல் எடுத்த பட்டத்துக்குப் பிறகு 20 ஆண்டுகள் வறட்சி, அடுத்த பட்டம் 2019இல். அதே இடைவெளியில் அதே கிளப்பின் பெண்கள் அணி 2000 முதல் 2016 வரை தொடர்ந்து 17 முறை தேசிய சாம்பியன் ஆனது. ஆண்கள் அணியின் கதையை எழுதும்போது இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜெயிக்கும் வழக்கம் அந்தக் கிளப்புக்குள் முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் இங்கேதான் கை காட்டுவேன்.

ஏணியின் அமைப்பு

கேஐயின் கோடையைப் புரிந்துகொள்ளத் தகுதிச் சுற்றுகளின் விதி தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் சலிப்பான விஷயம்தான், ஆனால் வழக்கின் பாதி இதில் இருக்கிறது.

2009-10 பருவத்திலிருந்து சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இரண்டு தனித்தனிப் பாதைகள். சிறிய, நடுத்தர நாடுகளின் சாம்பியன்கள் ஒரு பாதையில் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். பெரிய லீக்குகளில் மூன்றாம், நான்காம் இடம் பிடித்தவர்கள் இன்னொரு பாதையில். அதற்கு முன்பு வரை ஒரு சின்ன நாட்டுச் சாம்பியன் ஆரம்பச் சுற்றுகளைத் தாண்டிவிட்டால் இங்கிலாந்தின் நான்காவது அணியோ ஸ்பெயினின் மூன்றாவது அணியோ குறுக்கே வந்து நிற்கும். 2021-22இல் கான்ஃபெரன்ஸ் லீக் என்ற மூன்றாவது போட்டி சேர்ந்தது. அதோடு சாம்பியன்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் கிடைத்தது. மேலே தோற்றால் கீழே அடுத்த போட்டியில் ஓர் இடம், அங்கேயும் தோற்றால் அதற்கும் கீழே ஓர் இடம்.

2023-24இன் விதிப்படி கணக்கு இப்படி வரும். சாம்பியன்ஸ் லீக்கின் இரண்டாம் தகுதிச் சுற்றை ஜெயித்தவர் மூன்றாம் சுற்றில் தோற்றால் யூரோப்பா லீக் ப்ளே-ஆஃபுக்கு, அதாவது அதன் கடைசித் தகுதிச் சுற்றுக்குப் போவார். அங்கேயும் தோற்றால் நேராகக் கான்ஃபெரன்ஸ் லீக் குழுச் சுற்று, நான்கு நான்கு அணிகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று இரண்டு முறை மோதும் கட்டம். ஆக, முதல் இரண்டு சுற்றை மட்டும் தாண்டிவிட்டால் போதும். அதற்குமேல் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காவிட்டாலும் குழுச் சுற்றில் ஆறு ஆட்டம் உறுதி. கேஐக்கு அந்த இரண்டு தடைகள் ஃபெரென்ஸ்வாரோஸும் ஸ்வீடன் சாம்பியன் ஹெக்கனும்.

ஃபாரோ கிளப் எதுவும் அதுவரை எந்த ஐரோப்பியப் போட்டியிலும் குழுச் சுற்றை எட்டியதில்லை. மிக அருகில் போனதும் கேஐதான், 2020இல். அந்த ஆண்டு ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அணியில் கொரோனா தொற்று கண்டதால் அவர்கள் ஆட முடியாமல் போனது, ஆட்டம் 3-0 என்று கேஐ கணக்கில் எழுதப்பட்டது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து வந்ததைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் யங் பாய்ஸிடம் 3-1 என்று தோற்று யூரோப்பா லீக்குக்கு இறங்கிய கேஐ, தினாமோ திபிலிசியை 6-1 என்று நொறுக்கியது. கடைசித் தடையில் அயர்லாந்தின் டண்டாக்கிடம் 3-1 என்று விழுந்தது. அன்று கான்ஃபெரன்ஸ் லீக் கிடையாது. விழுந்தால் தாங்க கீழே எதுவும் இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஏழு வாரம்

ஒவ்வொரு சுற்றும் இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி. கிளாக்ஸ்விக்கில் ஃபெரென்ஸ்வாரோஸோடு முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது, மேலே சொன்ன 3-0.

அடுத்து ஹெக்கன். முதல் ஆட்டம் மறுபடியும் 0-0. ஆகஸ்ட் 2 அன்று கோதன்பர்கில் கூடுதல் நேரம் முடிந்தபோது 3-3. பெனால்டியில் 4-3 என்று கேஐ ஜெயித்தது. என் பார்வையில் அந்தப் பருவத்தின் மிக முக்கியமான இரவு இதுதான், புடாபெஸ்ட் இல்லை. புடாபெஸ்ட் வெற்றி தலைப்புச் செய்தியானது. கோதன்பர்க் பெனால்டிகள் ஒரு நாட்டின் கால்பந்து வரலாற்றில் முதல் முறையாகக் குழுச் சுற்றுக்கான கதவைத் திறந்தன. கடைசிப் பெனால்டி தீர்மானமான அந்த நொடியிலேயே ஆறு ஆட்டங்களும் அவற்றோடு வரும் பணமும் உறுதியாகிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தவர்களில் பலர் அன்று இன்னும் "அடுத்து மொல்டேயை வெல்வார்களா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நார்வேயின் மொல்டேயைச் சொந்த மண்ணில் 2-1 என்று கேஐ வென்றது. கேஐ பயிற்சியாளர் மாக்னே ஹோசெத் ஆட்டக்காரராக அதே மொல்டேவுக்குப் பல ஆண்டுகள் ஆடியவர். இரண்டாவது ஆட்டத்தில் மொல்டே கூடுதல் நேரத்தில்தான் தப்பித்தது, 2-0. யூரோப்பா லீக் ப்ளே-ஆஃபில் மால்டோவாவின் ஷெரிஃப் திராஸ்போலோடு 1-1, பிறகு 1-2. இந்த ஷெரிஃப்தான் 2021இல் ரியல் மாட்ரிட்டை மாட்ரிட்டிலேயே வென்ற கிளப்.

நான்கு எதிரணிகள், எட்டு ஆட்டங்கள். வழக்கமான 90 நிமிடத்துக்குள் கேஐ தோற்று வெளியேறியது ஷெரிஃபிடம் மட்டும். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நான்கு எதிரணிகளும் அதே பருவத்தில் ஏதாவது ஓர் ஐரோப்பியக் குழுச் சுற்றில் ஆடின. மொல்டேயும் ஹெக்கனும் யூரோப்பா லீக்கில் லெவர்குசன் இருந்த அதே பிரிவில், ஷெரிஃப் ரோமா இருந்த பிரிவில். ஃபெரென்ஸ்வாரோஸ் முதல் சுற்றிலேயே விழுந்தும் கான்ஃபெரன்ஸ் லீக் வழியாக ஏறி, ஃபியோரென்டினாவோடு ஒரே பிரிவிலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தேறியது. சோப்ளாங்கி அணிகளாகப் பார்த்து அமைந்த குலுக்கல் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்று விளக்கங்கள், மூன்றிலும் ஓட்டை

முதலாவது, காற்றும் மழையும் செயற்கைப் புல்லும். ஜூலையிலும் சராசரி வெப்பம் 11 டிகிரி அளவில்தான் இருக்கும் தீவுகள், வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை, பிளாஸ்டிக் புல் தரை. வெளியிலிருந்து வருகிறவர்கள் அங்கே திணறுகிறார்கள் என்பது பழைய விளக்கம். ஆனால் ஃபெரென்ஸ்வாரோஸ் அந்தத் தரையில் ஒரு கோல்கூட வாங்காமல்தான் திரும்பியது. மூன்றையும் வாங்கியது ஜூலை மாத புடாபெஸ்டில், தன் சொந்த இயற்கைப் புல்லில். ஹெக்கனின் மைதானமும் மொல்டேயின் மைதானமும் செயற்கைப் புல்தான், அவர்களுக்கு அது புதிதில்லை. முதல் இரண்டு சுற்றில் கேஐ அடித்த ஆறு கோல்களும் வெளிநாட்டு மண்ணில் விழுந்தவை.

இரண்டாவது, நாட்காட்டி. ஃபாரோ லீக் கோடைகால லீக். ஜூலையில் கேஐ பருவத்தின் நடுவில், முழு வேகத்தில் இருக்கும். ஹங்கேரியில் அப்போதுதான் விடுமுறை முடிந்து பயிற்சி முகாம் நடந்துகொண்டிருக்கும். இதில் நியாயம் இருக்கிறது, புடாபெஸ்டுக்கு இது ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஸ்வீடனும் நார்வேயும் இதே கோடைகால நாட்காட்டியில் ஆடுகிற நாடுகள். ஹெக்கனும் மொல்டேயும் கேஐயைப் போலவே பருவத்தின் நடுவில் இருந்தன. அங்கே இந்த விளக்கம் செல்லாது.

மூன்றாவது, ஒரே வருஷத்து அதிர்ஷ்டம். பெனால்டியில் அதிர்ஷ்டம் உண்டு, சரி. ஆனால் 2022இல் இதே கேஐ, நார்வேயின் போடோ/கிளிம்ட்டிடம் 3-0 என்று தோற்றுவிட்டு வந்து, கிளாக்ஸ்விக்கில் அவர்களை 3-1 என்று வென்றது. அதற்கு ஒரு வருஷத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் போடோ/கிளிம்ட் ரோமாவுக்கு ஆறு கோல் போட்டிருந்தது. 2020இல் திபிலிசிக்கு ஆறு, 2022இல் போடோவுக்கு மூன்று, 2023இல் புடாபெஸ்டில் மூன்று. 2022 செப்டம்பரில் தேசிய அணி துருக்கியை 2-1 என்று வீழ்த்தியதையும் பக்கத்தில் வையுங்கள். நான்கு வருஷமாக ஒரே திசையில் நகர்வதை அதிர்ஷ்டம் என்று அழைக்க எனக்கு மனசு வரவில்லை.

மீதம் இருப்பது

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023ஐ உண்டாக்கியதில் பெரிய பங்கு 2015 முதல் 2022 வரை பயிற்சியாளராக இருந்த மிக்யல் தோமாசெனுக்கு. ஃபாரோக்காரர். எட்டுப் பருவம் ஒரே ஆள். 20 வருஷ வறட்சி 2019இல் முடிந்தது அவர் காலத்தில், பிறகு 2021, 2022 பட்டங்களும். சின்ன லீக்குகளில் ஒரு பயிற்சியாளர் இவ்வளவு காலம் நிலைப்பது அபூர்வம். முதல் நல்ல பருவத்திலேயே வெளிநாட்டு வாய்ப்பு வரும், அல்லது முதல் மோசமான பருவத்தில் நிர்வாகம் பொறுமை இழக்கும். கிளாக்ஸ்விக் முதல் நான்கு பருவம் லீக் பட்டமே இல்லாமல் அவரை வைத்துக்கொண்டது. அந்த நான்கு பருவப் பொறுமையை நான் எந்த கோலுக்கும் மேலாக வைப்பேன்.

2022 முடிவில் அவர் நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாட்டுக்குப் போனார். அடுத்து வந்த ஹோசெத்துக்குக் கிடைத்தது ஏற்கெனவே ஒன்றாகப் பழகிய அணி. ஒன்றை ஒன்று அறிந்த தற்காப்பு வரிசை, எப்போது பின்வாங்க வேண்டும், எப்போது மொத்தமாக முன்னேற வேண்டும் என்று பேசாமலே தெரிந்த நடுக்களம். ஹோசெத்தின் பங்கைக் குறைக்கவில்லை. புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குவதே பெரிய காரியம், அவர் அடக்கினார்.

'பகுதிநேர ஆட்டக்காரர்கள்' என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. அணியில் வெளிநாட்டவர் இருந்தார்கள், முழுநேரச் சம்பளத்தில் வெளிநாட்டுக் கிளப்களில் ஆடிவிட்டுத் திரும்பிய ஃபாரோக்காரர்களும் இருந்தார்கள். தீவு இளைஞர்கள் படிப்புக்காக டென்மார்க் போய் இருபதுகளின் கடைசியில் ஊர் திரும்புவது பொதுவான வழக்கம். கால்பந்து ஆட்டக்காரர்களும் அதே தடத்தில்தான் போய் வருகிறார்கள். போகும்போது பதினெட்டு வயதுப் பையன், திரும்பும்போது தொழில்முறைப் பயிற்சி என்றால் என்னவென்று தெரிந்த ஆள். அப்புறம் அவர் காலையில் அலுவலகம் போனாலும், மாலையில் களத்தில் நிற்பது அந்தப் பயிற்சி பெற்ற உடம்புதான்.

இன்னொரு காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கிளாக்ஸ்விக் இருக்கும் போர்தோய் தீவிலிருந்து பக்கத்து எய்ஸ்துரோய் தீவுக்குப் போக 2006 வரை படகுதான். படகு நேரம் தவறினால் பயிற்சி தவறும். 2006இல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்தது, சுமார் 6 கிலோமீட்டர். 2020 டிசம்பரில் எய்ஸ்துரோயிலிருந்து தலைநகர் இருக்கும் ஸ்திரெய்மோய்க்கு இன்னொன்று, 11 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடம் கடல்மட்டத்துக்குக் கீழே 187 மீட்டர். அதன் நடுவே, கடலுக்கு அடியில், வண்டிகள் சுற்றிப் போக ஒரு ரவுண்டானா. கிளாக்ஸ்விக்கிலிருந்து தோர்ஷாவ்னுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பயணம் சுமார் 36 நிமிடமாகச் சுருங்கியது. இதன் பொருள் கால்பந்துக்கு நேரடியானது. தலைநகரில் வேலை பார்ப்பவர் மாலையில் கிளாக்ஸ்விக்கில் பயிற்சி செய்யலாம். வேறு தீவில் வீடு கட்டிக் குடும்பத்தோடு இருப்பவரையும் கிளப் எடுத்துக்கொள்ளலாம். 5,000 பேர் ஊரின் கிளப்புக்கு நாடு முழுவதும் ஆள் எடுக்கும் வட்டமாகிவிட்டது. சாலை போட்டவர்கள் மனதில் கால்பந்து இருந்திருக்காது, ஆனாலும் பயன் வந்து சேர்ந்துவிட்டது.

செயற்கைப் புல்லும் இந்த வரிசையில் சேர வேண்டியதுதான், ஆனால் பத்திரிகைகள் சொன்ன காரணத்துக்காக இல்லை. எதிரியைத் தடுமாறவைப்பது அதன் பயன் என்று நினைப்பது தவறு. குளிர்காலத்திலும் பத்து வயதுப் பிள்ளைகள் வாரம் முழுக்கச் சமதளத்தில் பந்தை உருட்டிப் பழகலாம் என்பதே பயன். ஒரு தலைமுறை முன்பு இங்கே சரளைக்கல் தரையில் ஆடினார்கள், காற்றோடு மல்லுக்கட்டிப் பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள். ஏய்தி கிராமத்தின் பழைய மைதானம், கடலோரம் காற்றுக்கு நேர் முகமாக இருந்தது, இப்போது கூடாரம் போட்டுத் தங்கும் இடமாகிவிட்டது. இன்றைய ஆட்டக்காரன் தரையோடு பாஸ் கொடுக்கிறான் என்றால் அந்தப் பழக்கம் அவனுக்குப் புதிய தரையில் வந்தது.

குழுச் சுற்று

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்லோவானிடம் இரண்டு முறையும் 2-1 என்று தோல்வி. லீலோடு 0-0, பிறகு பிரான்ஸில் 3-0 தோல்வி. ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியூப்லியானாவை 2023 அக்டோபர் 26 அன்று 3-0 என்று வென்றது, அங்கே போய் 2-0 என்று தோற்றது. 4 புள்ளி, கடைசி இடம்.

சொந்த ஆட்டங்கள் கிளாக்ஸ்விக்கில் நடக்கவில்லை. யூஃபாவின் மைதான விதிகளுக்கு ஊர் மைதானம் போதாததால் தோர்ஷாவ்னின் தேசிய மைதானத்தில், சுமார் 5,000 இருக்கைகளுக்கு நடுவே ஆடினார்கள். லீலின் சொந்த மைதானத்தில் சுமார் 50,000 பேர் உட்காரலாம், ஏறக்குறைய ஃபாரோ மக்கள் அனைவரும். 2021இல் பிரெஞ்சுச் சாம்பியனாக இருந்த அந்தக் கிளப்பைத் தோர்ஷாவ்னில் 90 நிமிடம் கோல் போடவிடாமல் நிறுத்தியது, என்னைக் கேட்டால், ஒலிம்பியா வெற்றியைவிடப் பெரிது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு புள்ளியும் சொந்த நாட்டில் வந்தவை. காற்றும் தரையும் எதற்கும் உதவவில்லை என்று நான் சொல்லவில்லை, அவை மட்டும் போதாது என்றுதான் சொல்கிறேன்.

பணம்

கான்ஃபெரன்ஸ் லீக் குழுச் சுற்றில் நுழைந்தாலே அந்தப் பருவத்தில் 29.4 லட்சம் யூரோ. ஒரு வெற்றிக்கு 5 லட்சம், ஒரு டிராவுக்கு 1.66 லட்சம். இந்த மூன்றை மட்டும் கூட்டினாலும் கேஐக்குச் சுமார் 36 லட்சம் யூரோ. இதைப் பத்து அணிகள் கொண்ட, பெரும்பாலும் பகுதிநேர லீக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு கிளப்புக்கு மட்டும் இப்படியொரு தொகை வந்தால் மற்ற ஒன்பதின் கதி என்ன? இந்த வழக்கில் எனக்குக் கவலை தரும் கேள்வி இதுதான். முதல் பிரிவின் மற்ற கிளப்களுக்கு யூஃபா ஒரு பங்கீட்டுத் தொகை தருகிறது, ஆனால் அது இந்த இடைவெளியை மூடாது.

இப்படி ஒரே கிளப்பில் எல்லாம் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, அதுவும் கேஐயின் வரலாற்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்ட ஒன்று. 1992இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிக்கு முதன்முதலில் போன ஃபாரோ கிளப் கேஐ. அன்று அதை 3-1, 3-0 என்று வெளியேற்றியது லாத்வியாவின் ஸ்கோன்டோ ரீகா. ஸ்கோன்டோ 1991 முதல் 2004 வரை தொடர்ந்து 14 முறை லாத்வியச் சாம்பியன். ஒரே கிளப்பின் வெற்றியில் லீக் முழுக்க அர்த்தம் இழந்துபோன காலம் அது. பிறகு கடன் சேர்ந்தது, 2016 பருவத்துக்கு முதல் பிரிவு உரிமம் மறுக்கப்பட்டது, அந்த ஆண்டு முடிவில் கிளப் திவாலானது. ஸ்கோன்டோவின் பணம் வந்த வழி வேறு, கேஐயின் பணம் வந்த வழி வேறு. இருந்தாலும் பதினாலு வருஷம் போட்டியே இல்லாமல் ஜெயித்த கிளப் எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகலாம் என்பதைச் சின்ன லீக் நடத்தும் எவரும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபாரோவில் நடந்தது வேறு. பணம் வந்த அடுத்த வருஷமே, 2024இல், பட்டம் கேஐயிடமிருந்து விக்கிங்குருக்குப் போனது. கொய்த்தா, லெய்ர்விக் என்ற இரண்டு பக்கத்து ஊர்களின் கிளப்கள் 2008இல் ஒன்றாகி உருவான அணி அது. ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுத்து இணைந்தவர்கள், ஐரோப்பியப் பணம் வாங்கிய அண்டை ஊரை 27 சுற்றில் முந்திவிட்டார்கள். 2025இல் கேஐ திரும்ப எடுத்தது. இரண்டு பருவத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் மற்ற கிளப்கள் மூச்சுத் திணறிப் போகவில்லை என்பதற்கு 2024 போதுமான சான்று.

இனி எதைப் பார்க்க வேண்டும்

2024 முதல் குழுச் சுற்று முறையே போய்விட்டது, 36 அணிகள் ஒரே பட்டியலில் ஆடுகின்றன. ஆனால் சாம்பியன்களுக்கான தனிப் பாதையும் கீழே தாங்கும் படிகளும் அப்படியே இருக்கின்றன. வழி அடைக்கப்படவில்லை.

பக்கத்து ஐஸ்லாந்தை அளவுகோலாக வைக்கலாம். ஃபாரோவைவிட ஏழு மடங்கு மக்கள்தொகை. கேஐ குழுச் சுற்றில் ஆடிய அதே 2023இல் ப்ரேய்தாப்லிக் முதல் ஐஸ்லாந்து ஆண்கள் கிளப்பாகக் குழுச் சுற்றுக்குப் போய் ஆறு ஆட்டத்திலும் தோற்றது. அடுத்த ஆண்டு இன்னொரு கிளப், ரெய்க்யவிக்கின் விக்கிங்குர், செர்க்கில் ப்ருகாவை வென்று அடுத்த கட்டம் வரை போனது. அங்கே கிரீஸின் பனாதினைகோஸை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்றது. ஐஸ்லாந்தில் பனிக்காலத்துக்கு ஏற்ற மைதானம் இல்லாததால் அந்தச் 'சொந்த' ஆட்டத்தை ஹெல்சிங்கியில் ஆடினார்கள். ஒரு கிளப் திறந்த வழியில் இரண்டாவது கிளப் ஒரே வருஷத்தில் நடந்துவிட்டது.

ஃபாரோவில் அந்த இரண்டாவது கிளப் இன்னும் வரவில்லை. எச்பியோ, இன்னொரு தலைநகர்க் கிளப்பான பி36ஓ, கொய்த்தாவின் விக்கிங்குரோ குழுச் சுற்றுக்குப் பதிலாக வந்த அந்த 36 அணிப் பட்டியலை எட்டும் வரை 2023ஐ ஒரு கிளப்பின் சாதனையாகத்தான் எழுத முடியும், ஒரு லீக்கின் சாதனையாக எழுத முடியாது. தேசிய அணியின் பக்கம் அறிகுறிகள் நன்றாக இருக்கின்றன. 2025 அக்டோபரில் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் மொண்டினீக்ரோவை 4-0 என்றும், மூன்று நாளில் செக் குடியரசை 2-1 என்றும் வென்றார்கள். தோமாசெனும் சும்மா இருக்கவில்லை. அவர் பயிற்சி தந்த ஃப்ரெட்ரிக்ஸ்டாட் 2023இல் முதல் பிரிவுக்கு உயர்ந்து, 2024 நார்வே கோப்பை இறுதியில் பெனால்டியில் ஜெயித்தது. தோற்ற அணி, கேஐயைக் கூடுதல் நேரத்தில் நிறுத்திய அதே மொல்டே.